போர்டு போனால் மெஷினே போச்சா?

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது 22 வருடமாக என் தொழில். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டாப் லோடு மெஷின் பற்றியவை. நான்கை எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய டாப் லோடு 14 வருடம் உழைத்தது. இரண்டு முறை பெல்ட் மாற்றினோம், அவ்வளவுதான். புதிது பார்க்கப் போனால், "இதில் பெல்ட்டே கிடையாது, மோட்டாருக்கு 10 வருட வாரண்டி" என்கிறார்கள். எது அதிகம் உழைக்கும்? எதைப் பழுது பார்ப்பது சுலபம்?

பதில்: முதலில் அந்த வாரண்டி அட்டையை முழுதாகப் படியுங்கள். 10 வருடம் என்பது பெரும்பாலும் மோட்டார் என்ற ஒரு பாகத்துக்கு மட்டும்தான். போர்டு (மெஷினை நடத்தும் மின்னணு அட்டை), தண்ணீர் விடும் வால்வு, தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் மோட்டார், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் பொதுவாக அதைவிட மிகக் குறைந்த காலத்திலேயே முடிந்துவிடும். பெல்ட் இல்லாத மெஷினில் மோட்டார் போய் நான் மாற்றியது மிக அபூர்வம். கெடாத பாகத்துக்குத்தான் நீண்ட வாரண்டி கிடைக்கிறது.

பெல்ட் மெஷினில் மோட்டார் ஓரமாக இருக்கும். பெல்ட் வழியாக நடுவில் உள்ள கிளட்ச் செட்டைச் சுழற்றும். துவைப்பதிலிருந்து பிழிவதற்கு மாற்றுவது இந்த கிளட்ச்தான். மோட்டார், கெப்பாசிட்டர், பெல்ட், கிளட்ச் என்று நான்கும் தனித்தனி. மோட்டார் "ம்ம்" என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பல நேரம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் காரணம். கால் மணி நேர வேலை. கிளட்ச் செட் மட்டும் பெரிய செலவு. அதற்குள் கியர், பிரேக், பேரிங் எல்லாம் ஒன்றாக அடைந்திருப்பதால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும்.

பெல்ட் இல்லாததில் மோட்டார், தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டியான டப்பின் அடியிலேயே உட்கார்ந்திருக்கும். சத்தம் குறைவு, மின்சாரமும் குறைவு, தேய்கிற பாகம் ஒன்று குறைகிறது. நல்ல அமைப்பு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிரம்மைச் சுழற்றும் தண்டும், அதைத் தாங்கும் பேரிங்கும், தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர் சீலும் அதிலும் உண்டு. வேகத்தை முழுக்க நடத்துவது போர்டு. ஆகவே பழுது வரும் இடம் மாறுகிறதே தவிர, பழுது இல்லாமல் போவதில்லை. இதில் என்னிடம் வருவது போர்டு, அல்லது மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்லும் சின்ன சென்சார். சென்சார் போனாலும் மெஷின் மோட்டார் கோளாறு என்றே காட்டும். அதைப் பார்த்துவிட்டு மோட்டாரையே மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்சாரைச் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

போர்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஈரம் படாமலிருக்க அதன் மேல் ஒரு பசையை ஊற்றியிருப்பார்கள். சில மெஷினில் அது ரப்பர் மாதிரி மிருதுவாக இருக்கும், நகத்தால் பிய்த்து எடுக்கலாம். சிலவற்றில் கல்லாக இறுகிய ரெசின். உள்ளே காசு பெறாத ஒரு பாகம் எரிந்திருந்தாலும் தொட முடியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போனேன். மெஷினில் தண்ணீர் ஏறவில்லை. "போர்டு போச்சு, இந்த மாடலுக்கு இனி வராது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று முன்பு வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மா பத்து நாளாகக் கையால் துவைத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. போர்டைக் கழற்றிப் பார்த்தேன், மிருதுவான பசைதான். பிய்த்ததும், வால்வுக்குக் கரண்ட் விடுகிற ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்ச் கருகியிருந்தது தெரிந்தது. கட்டை விரல் நகத்தைவிடச் சின்னது. அதோடு விட்டிருந்தால் தப்பாகியிருக்கும். இன்லெட் வால்வின் காயிலை மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஷார்ட். அதுதான் ட்ரையாக்கை எரித்திருக்கிறது. வால்வை மாற்றாமல் புதுப் போர்டே போட்டிருந்தாலும் அதுவும் அன்றைக்கே எரிந்திருக்கும். இரண்டையும் மாற்றினேன். மெஷின் இன்றும் ஓடுகிறது.

அதனால் வாங்கும்போது "எது கெடாது?" என்று கேட்காதீர்கள். "போர்டு தனியாகக் கிடைக்குமா? என்ன விலை? எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும்?" என்று கேளுங்கள். போர்டு விலை புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அந்த மாடலை வாங்க மாட்டேன். மெஷினைச் சாய்த்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். எலி நுழையாதபடி தகடோ வலையோ இருக்கிறதா? போர்டு போச்சு என்று சொல்லப்பட்டு, கடைசியில் எலி கடித்த ஒற்றை ஒயரில் முடிந்த மெஷின்கள் பல பார்த்திருக்கிறேன். பெல்ட்டா, நேரடி மோட்டாரா என்பது இதற்கெல்லாம் அடுத்துத்தான். உங்கள் வீட்டில் அடிக்கடி கரண்ட் ஏறி இறங்குமென்றால் மட்டும், எளிய போர்டு உள்ள பெல்ட் மெஷின் பக்கம் சாய்வேன்.

கேள்வி: எந்த மெஷினைப் பழுது பார்க்க முடியும் என்று வாங்கும்போதே தெரிகிற மாதிரி மதிப்பெண் எதுவும் கிடையாதா?

பதில்: பிரான்சில் இருக்கிறது. 2021 ஜனவரியில் கொண்டுவந்தார்கள், 10-க்கு இத்தனை என்று கடையிலேயே எழுதி வைக்க வேண்டும். முதலில் முன்பக்கக் கதவு உள்ள மெஷின்களுக்கு மட்டும் இருந்தது. 2022 நவம்பரில் டாப் லோடும் சேர்ந்தது. 2025 ஏப்ரல் முதல் வாஷிங் மெஷினுக்கு அதன் இடத்தில், எவ்வளவு காலம் உழைக்கும் என்ற மதிப்பெண் வந்துவிட்டது. பழுது பார்க்க முடியுமா என்பதும் அதில் ஒரு பகுதி. பழுது பார்க்கும் விவரங்களைத் தருகிறார்களா, பிரிப்பது சுலபமா, உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், புது மெஷின் விலையோடு பார்த்தால் பாகத்தின் விலை என்ன என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கியமான பாகங்கள் குறைந்தது 10 வருடம் கிடைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. மதிப்பெண் இல்லாத இடத்தில் இருப்பவர்கள் இதே கேள்விகளை விற்பவரிடம் கேட்கலாம். எல்லா நாட்டிலும் இது வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: பிழியும்போது விமானம் கிளம்புவது போலச் சத்தம். ஆறு மாதமாக இருக்கிறது. பேரிங் போய்விட்டது, மாற்றுவது வீண் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: ஆறு மாதம் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. முதலில் போவது பேரிங் இல்லை, அதற்கு மேலே உள்ள வாட்டர் சீல். அது கசிந்து சோப்புத் தண்ணீர் இறங்கி, பேரிங்கின் கிரீஸைக் கரைத்து, துருப்பிடிக்க வைத்த பிறகுதான் சத்தம் வரும். அடியில் பழுப்புக் கறை வழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சத்தம் ஆரம்பித்த மாதமே பிரித்தால் டிரம் தண்டிலிருந்து சாதாரணமாகக் கழன்று வரும். நாள் கடந்தால் துருவில் இறுகி, புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு இழுத்தாலும் அசையாது. பலமாகத் தட்டினால் டிரம்மின் அடிப்பகுதி விரிசல் விடும். டிரம் கழன்று வந்து, சீல் உட்காரும் இடமும் தேயாமல் இருந்தால், மாற்றுவது வீண் இல்லை. கழலவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. பார்க்காமலே சொன்னாரா, பிரித்துப் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள்.

அதற்கு முன் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு ஆட்டத்தில் நின்றுவிட வேண்டும். துள்ளிக்கொண்டே இருந்தால் நான்கு மூலையில் தொங்கும் சஸ்பென்ஷன் ராடுகள் தளர்ந்திருக்கின்றன. வெளித்தகட்டில் டப் இடிக்கும் சத்தத்தைப் பேரிங் என்று நினைத்து ஏமாறுவதுண்டு. ராடுகளை நான்காகச் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் தண்ணீர் ஏறுகிறது, மறுபக்கம் அவுட்லெட் குழாயில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. போர்டா?

பதில்: போர்டு இல்லை. உங்கள் மெஷின் பம்ப் வைத்து வெளியேற்றும் வகையென்றால், குழாயைத் தரையில் போட்டிருந்தாலே தண்ணீர் தானாக இறங்கிவிடும். குழாயின் வளைவு உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பம்ப் இல்லாத வகையில், டிரெயின் மோட்டார் ஒரு கம்பியை இழுத்தால் ரப்பர் வால்வு திறக்கும், விட்டால் மூடும். அந்த ரப்பர் உதட்டில் ஏதோ மாட்டியிருக்கிறது. வால்வின் மூடியைக் கழற்றினால் கையில் வந்துவிடும். போன வாரம் எனக்கு வந்தது ஒரு ஹேர்பின்.