சிறுவயதில் தலை தட்டையாக இருந்த பிள்ளைகள்: வளர்ந்த பிறகு என்ன ஆகும்?

இரண்டு மூன்று பேர் "டாக்டர்" என்று ஆரம்பித்து எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். தலை தட்டையாகிவிட்டது, கழுத்து ஒரே பக்கம் திரும்புகிறது என்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். இந்த முறை கேள்விகளில் முக்கால்வாசி பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியவை. அதனால் அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், என் மகனுக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வலது பக்கப் பின்மண்டை நன்றாகவே தட்டையாக இருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்றார்கள், விட்டுவிட்டோம். இப்போது வாசிப்பதில் மெதுவாக இருக்கிறான், எழுத்தும் கோணல்மாணலாக வருகிறது. அன்றைக்கு நாங்கள் அலட்சியமாக இருந்ததுதான் காரணமா?

பதில்: இல்லை. படுக்கும் நிலையால் தலை தட்டையாகும்போது மண்டை ஓட்டின் வடிவம்தான் மாறுகிறது, உள்ளே மூளை நசுங்குவதில்லை. மண்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள இணைப்புகள் அந்த வயதில் திறந்தே இருக்கும். ஒரு பக்கம் தடுத்தால் இன்னொரு பக்கம் இடம் கிடைத்துவிடும். பின்னால் அமுங்கிய தலை பக்கவாட்டில் அகலமாவது அதனால்தான்.

அதற்காக "ஒன்றுமே இல்லை, போய் வாருங்கள்" என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் சியாட்டிலில் ஓர் ஆய்வுக் குழு இப்படிப்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பள்ளி வயது வரை தொடர்ந்து கவனித்தது. 2019-ல் அதன் முடிவு வந்தது. லேசான தட்டை இருந்த பிள்ளைகளுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தட்டை நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்தவர்கள் அறிவுத்திறன் சோதனைகளிலும் பாடம் சார்ந்த சோதனைகளிலும் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். சராசரியாக என்பதைக் கவனியுங்கள், அந்தக் கூட்டத்தில் நன்றாகச் செய்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தலை தட்டையானதால் பிள்ளை பின்தங்கியது என்று பொருள் இல்லை. தசை கொஞ்சம் தளர்வாக இருக்கும் குழந்தை அதிகம் அசையாது. தலையைத் திருப்பாமல் ஒரே பக்கம் கிடக்கும். அந்தக் குழந்தைக்குத் தலையும் தட்டையாகும், பின்னாளில் எழுதுவது, வாசிப்பது போன்றவற்றில் உதவியும் தேவைப்படலாம். தலை ஓர் அடையாளம், அவ்வளவுதான். அன்றைக்கு, தலை வடிவத்தைச் சீராக்கக் கைக்குழந்தைகளுக்கு மாட்டும் ஹெல்மெட்டைப் போட்டிருந்தாலும் இந்த எழுத்துச் சிக்கல் போயிருக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: கண், காது இரண்டையும் சோதியுங்கள். வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று முறையாக மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். எழுத்துக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) ஒருவரைப் பாருங்கள். தலையைக் காரணம் காட்டி இவற்றைத் தள்ளிப்போட்டால்தான் நஷ்டம்.

கேள்வி: ஒன்பது வயது மகளுக்குப் புதிதாகக் கண்ணாடி போட்டோம். எப்படி மாட்டினாலும் ஒரு பக்கம் சரிகிறது. தலை வடிவம் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கும். தட்டையான பக்கத்துக் காது கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். இரண்டு காம்பும் ஒரே அளவில் இருந்தால் கண்ணாடி கோணலாகத்தான் உட்காரும். கடையில் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பார்கள், ஐந்து நிமிட வேலை. கண்ணாடி சரிந்தபடியே இருந்தால் பவர் சரியான இடத்தில் விழாது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அக்கா, பையனுக்கு ஐந்து வயது. இப்போது ஹெல்மெட் போட்டால் கொஞ்சமாவது மாறுமா?

பதில்: மாறாது, பணம்தான் போகும். ஹெல்மெட் தலையை அமுக்குவதில்லை. வளரும் தலையை எந்தப் பக்கம் வளரலாம் என்று வழிகாட்டுகிறது. எனவே வளர்ச்சி வேகமாக இருக்கும்போதுதான் அதற்கு வேலை. பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் 46 செ.மீ. ஆகிவிடும். இரண்டு வயதுக்கு அப்புறம் பெரியவராகும்வரை கூடுவது மொத்தமே ஏழெட்டு செ.மீ.தான்.

சரியான வயதில் போட்டிருந்தால்? அதிலும் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறு மாத வயதிலிருந்து தினமும் 23 மணி நேரம் ஹெல்மெட் போட்டுப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. இரண்டு வயதில் தலை முழுக்கச் சரியானவர்கள் ஹெல்மெட் பிரிவில் 26 சதவீதம், சும்மா விட்ட பிரிவில் 23 சதவீதம். மிகக் கடுமையான தட்டை உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இன்றைக்கும் ஹெல்மெட் பரிந்துரைக்கிறார்கள். மற்றவர்கள் "போடாமல் விட்டோமே" என்று வருந்த இதில் இடமில்லை.

கேள்வி: பதினொரு வயது மகளுக்கு மாதத்தில் நான்கைந்து முறை தலைவலி வருகிறது. பின்மண்டை தட்டையாக இருப்பதால் உள்ளே அழுத்தம் சேர்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: படுக்கையால் வந்த தட்டை உள்ளழுத்தத்தைக் கூட்டாது. இந்த வயதில் மைக்ரேன் சாதாரணமாக வரும். உங்களுக்கோ அவள் அப்பாவுக்கோ இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதிகாலையில் தலைவலியால் விழிப்பது, கூடவே வாந்தி, படுத்தாலோ இருமினாலோ வலி கூடுவது, பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது, புதிதாக மாறுகண் வருவது: இவற்றில் ஏதாவது இருந்தால் தலை உருண்டையோ தட்டையோ, தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: என் பையனுக்குத் தலை தட்டை இல்லை, நீளமாக, ஒடுங்கலாக இருக்கிறது. உச்சியில் ஒரு மேடு தடவினால் தெரிகிறது. ஆறு வயது. இதுவும் அதுதானா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பினேன். இது வேறாக இருக்கலாம். மண்டை எலும்புகளின் இணைப்புகளில் ஒன்று சீக்கிரமே மூடிக்கொள்வதற்குக் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று பெயர். 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒருவருக்கு வருகிறது. உச்சியில் முன்பின்னாக ஓடும் இணைப்பு மூடுவதுதான் இதில் அதிகம். அப்போது தலை அகலமாக முடியாமல் படகுபோல நீளும், மூடிய கோட்டின் மேல் மேடு தட்டுப்படும்.

குறைமாதத்தில் பிறந்து நாட்கணக்கில் பக்கவாட்டில் படுத்திருந்த குழந்தைகளுக்கும் தலை நீளமாக இருக்கும், இணைப்பு மூடாமலே. உங்கள் பையன் நிறைமாதக் குழந்தை என்கிறீர்கள், மேடும் இருக்கிறது. எனவே குழந்தைகள் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்டிவிடுங்கள். விழித்திரையைச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பொதுவாக இந்த அறுவைச் சிகிச்சையை முதல் வயதுக்குள் செய்வார்கள். தாமதமாகக் கண்டுபிடித்த எல்லோருக்கும் கத்தி வைப்பதில்லை. மண்டைக்குள் அழுத்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதைத் தலையை வெறும் கண்ணால் பார்த்தோ போட்டோவிலோ சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. எந்தப் போட்டோவில் பார்த்தாலும் தலையை இடது பக்கம் சாய்த்தே நிற்கிறாள். குழந்தையில் கழுத்துத் தசை இறுக்கம் இருந்தது, பயிற்சி கொடுத்தோம். திரும்ப வந்துவிட்டதா?

பதில்: பழைய போட்டோக்களைத் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். எனக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. சாய்வு விட்டே போகவில்லை என்றால் தசையில் மிச்ச இறுக்கம் இருக்கலாம். எட்டு வயதில் பயிற்சி மட்டும் போதாமல் போகலாம், தசையைத் தளர்த்தும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

நடுவில் நேராக இருந்து பிறகு சாய்ந்திருந்தால் கழுத்தை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள். கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று பலவீனமாக இருந்தால், இரட்டைக் காட்சியைத் தவிர்க்கப் பிள்ளைகள் தாங்களே தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். ஒரு கண்ணை மூடினதும் தலை நேரானால் சந்தேகம் வலுக்கும். நேராகாவிட்டாலும் கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கழுத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி செய்து அலுத்துப்போன பிறகு கண்ணில் காரணம் கிடைத்த பிள்ளைகள் உண்டு.

கேள்வி: பதின்மூன்று வயது மகன் முடி வெட்டவே விடமாட்டேன் என்கிறான். பள்ளியில் யாரோ "சப்பைத் தலை" என்று சொல்லிவிட்டார்களாம்.

பதில்: நியூசிலாந்தில் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தபோது நான்கு மாதத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்குத் தலை வடிவில் கோளாறு இருந்தது, இரண்டு வயதில் 3 சதவீதத்துக்குத்தான் மிச்சம். 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளை அளந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அது சுமார் 2 சதவீதம். ஆக, ஐம்பது பேரில் ஒருவர். இந்தக் கணக்கை அவனிடம் சொல்லலாம், ஆனால் அதனால் மனம் ஆறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடியை அவன் இஷ்டத்துக்கு விடுங்கள். பின்னால் கொஞ்சம் அடர்த்தியாக விட்டால் தட்டை தெரியாது. கேலி ஒரு நாளோடு நிற்கவில்லை என்றால் அது கேலி செய்கிறவர்களின் பிரச்சினை, ஆசிரியரிடம் பேசுங்கள். "உன் தலை நன்றாகத்தானே இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனும் கண்ணாடி பார்க்கிறான்.

கேள்வி: மூத்தவனுக்குத் தலை தட்டை. இரண்டாவது இப்போது இரண்டு மாதம். இவளையாவது குப்புறப் படுக்க வைத்துத் தூங்க வைக்கலாமா? தலையணை ஏதாவது?

பதில்: வேண்டவே வேண்டாம். தூங்கும்போது மல்லாந்துதான். 1990-களில் பல நாடுகள் இந்த அறிவுரையைக் கொடுத்த பிறகுதான் தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. தட்டைத் தலைகள் அதிகமானதும் அதே காலத்தில்தான். இந்தப் பேரத்தில் நான் தட்டைத் தலையையே எடுத்துக்கொள்வேன். தலையை வடிவாக்கும் தலையணைகளும் ஆபத்து. மூச்சடைப்பு அபாயம் இருப்பதால் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-ல் எச்சரித்தது.

விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்திலிருக்க, குப்புறப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களாக ஆரம்பித்து, நாளொன்றுக்கு மொத்தம் அரை மணி நேரம் வரை கொண்டுவரலாம். உங்கள் மார்பின் மேல் போட்டாலும் கணக்குதான். ஒரே பக்கம்தான் திரும்புகிறாள் என்று தெரிந்தால் தலை தட்டையாகும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே கழுத்தைக் காட்டுங்கள்.