ஐஎஸ்ஓவைக் கண்டு ஏன் இந்தப் பயம்? கோ-கார்ட் படக் கேள்விகள்

உள்ளரங்கக் கோ-கார்ட்டிங் (சின்னப் பந்தய வண்டி ஓட்டும் விளையாட்டு) படங்களைப் பற்றிப் போன மாதம் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், எழுத்துப்பிழை மட்டும் வேறு வேறு. மீதியில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

"ஃபிளாஷ் போடலாமா?" (சேலம்)

கூடாது. ஓட்டுகிறவருக்குக் கண் கூசினால் அடுத்த வளைவில் டயர்ச் சுவரில்தான் போய் நிற்பார். ஃபோகஸுக்கு உதவ கேமரா தானாக எரிக்கும் சின்ன விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள்.

"படம் எல்லாம் மங்கலா வருது. என்ன பண்ணலாம்?" (ஊர் பெயர்கூட இல்லை)

எந்தக் கேமரா, எந்த லென்ஸ், என்ன ஷட்டர்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்? படத்தை வாட்ஸ்ஆப்பில் அப்படியே அனுப்பினால் அதற்குள் இருக்கும் ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) விவரமெல்லாம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

சரி, நீங்கள் அனுப்பியதில் தரையும் டயர்ச் சுவரும் கூர்மையாக இருக்கின்றன, கார்ட் மட்டும் இழுபட்டிருக்கிறது. ஷட்டர் வேகம் போதவில்லை. சுவரும் சேர்ந்து இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. எதுவும் இழுபடாமல், பின்சுவர் பளிச்சென்றும் கார்ட் பஞ்சு மாதிரியும் இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எனக்கு வரும் கடிதம் பாதியாகக் குறையும்.

"1/500 போதுமா, 1/1000 வேண்டுமா?" (வேளச்சேரி)

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கார்ட் 50 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 14 மீட்டர். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் 14 செ.மீ. நகரும், 1/500ல் 3 செ.மீ. உங்களைக் குறுக்காகக் கடந்தால் அந்த 3 செ.மீ.கூடப் படத்தில் தெரியும். நேராக உங்களை நோக்கி வந்தால் தெரியவே தெரியாது.

அதனால் கொண்டை ஊசி வளைவுக்குப் போங்கள். அங்கே வேகம் பாதியாகிவிடும், ஓட்டுகிறவர் வளைவின் உள்முனையைப் பார்த்துத் தலையைத் திருப்புவார், முகமும் கிடைக்கும். 1/320 தாராளம். ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். லென்ஸைத் தடுப்புக்கு மேல் நீட்டாதீர்கள்.

"ஐஎஸ்ஓ 800ஐத் தாண்ட மாட்டேன். நாய்ஸ் இல்லாமல் 1/500ல் எடுக்க ஒரு வழி சொல்லுங்கள்." (கோயம்புத்தூர்)

வழி இருக்கிறது. அரங்கத்தின் கூரையைப் பிரித்துவிடுங்கள், வெயில் வரும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐஎஸ்ஓ என்பது விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்ற எண், நாய்ஸ் என்பது படத்தில் தெரியும் புள்ளி. இந்த 800 கணக்கை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. பதினைந்து வருஷமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். சாதாரணமான ஒரு கார்ட்டிங் அரங்கில் அபெர்ச்சர் எஃப்/2.8, ஷட்டர் 1/500 வைத்தால் ஐஎஸ்ஓ 6400 கேட்கும். கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம். நீங்கள் 800ல் பிடிவாதமாக நின்றால் ஒன்று படம் மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) இருட்டாகும், இல்லையென்றால் ஷட்டர் 1/60க்கு இறங்கிவிடும். இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள். ஏற்றிப் பாருங்கள், அதே புள்ளிகள்தான் வந்து நிற்கும். சில கேமராக்களில் கோடுகோடாக இன்னும் மோசமாக. புள்ளி வருவது வெளிச்சம் குறைவாக விழுந்ததால். ஐஎஸ்ஓ வெறும் வால்யூம் குமிழ். ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது குமிழைக் குறைத்தால் இரைச்சல் போன மாதிரி இருக்கும், பாட்டும் சேர்ந்துதான் போயிருக்கும்.

எனக்கும் ஒரு காலத்தில் இந்த வியாதி இருந்தது. அக்கா மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு உள்ளரங்கத் தடத்துக்குப் போயிருந்தோம். கடைசிச் சுற்றில் அவன் தன் பெரியப்பா மகனை முந்தினான். முந்திய வேகத்தில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். ஹெல்மெட்டின் வைசர் பாதி திறந்திருந்தது, பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரிப்பு. நான் ஐஎஸ்ஓ 800, 1/60. என் படத்தில் இருப்பது ஒரு சிவப்பு இழுவல், நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று. புள்ளி மட்டும் ஒன்றுகூட இல்லை, துடைத்து வைத்த மாதிரி சுத்தம். அக்கா இன்றுவரை அதைப் பிரிண்ட் போடச் சொன்னதில்லை.

ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, மேல்வரம்பை 12800ல் வையுங்கள். 6400ல் எடுத்ததை ஏ4 அளவில் பிரிண்ட் போட்டுக் கைநீளத்தில் பிடித்துப் பாருங்கள், புள்ளியைத் தேடத்தான் வேண்டியிருக்கும். திரையில் 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறவர் உங்களைத் தவிர உலகத்தில் யாரும் இல்லை. நாய்ஸ் நீக்கும் மென்பொருளையும் அளவோடு பயன்படுத்துங்கள். ஹெல்மெட் போட்ட பிளாஸ்டிக் பொம்மை ஓட்டுகிற மாதிரி வந்த படங்கள் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

"தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, சிலதில் குறுக்கே பட்டை. கேமரா ரிப்பேரா?" (மதுரை)

கேமராவில் ஒன்றும் இல்லை, விளக்குதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல எல்இடிகள் நொடிக்கு 100 தடவை மின்னும். கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். எலக்ட்ரானிக் ஷட்டரில் இருந்தால் முதலில் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள், பட்டை வெகுவாகக் குறையும். அப்புறம் மெனுவில் ஆன்ட்டி-ஃபிளிக்கர் இருக்கிறதா பாருங்கள். விளக்கு உச்சத்தில் எரியும் கணத்துக்காகக் காத்திருந்து கிளிக் செய்யும். தொடர் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இரண்டும் இல்லையென்றால் 1/100ல் நில்லுங்கள். விளக்கின் ஒரு முழு மினுக்கல் அதற்குள் அடங்கிவிடும்.

"டொராண்டோவில் இருக்கிறேன், 1/100 வைத்தும் பட்டை வருகிறதே?"

அங்கே 60 ஹெர்ட்ஸ். 1/60 அல்லது 1/125 வையுங்கள். லண்டன் வாசகர்களே, உங்களுக்கு நம் ஊர்க் கணக்குதான்.

"பேனிங் பத்துக்கு ஒன்றுதான் தேறுகிறது." (திருச்சி)

பத்துக்கு ஒன்றா? நல்ல கணக்கு, எனக்கும் அவ்வளவுதான். பேனிங் என்றால் ஓடும் கார்ட்டோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பி எடுப்பது. வளைவின் உள்பக்கம், ஏறக்குறைய அதன் மையத்தில் நிற்க இடம் கிடைத்தால் விடாதீர்கள். கார்ட் உங்களைச் சுற்றி வரும்போது தூரம் மாறாது, ஃபோகஸும் தப்பாது. பாதத்தைக் கிளிக் செய்யப்போகும் இடத்தைப் பார்த்து ஊன்றி, இடுப்பை மட்டும் திருப்பிக் கார்ட்டைப் பிடியுங்கள். கிளிக் ஆன பிறகும் கை நிற்காமல் ஓட வேண்டும். 1/100 வைத்தால் விளக்குத் தொல்லையும் தீரும், சக்கரமும் சுழலும், ஐஎஸ்ஓவும் இறங்கும். கோயம்புத்தூர்க்காரருக்கும் சந்தோஷம்.

"கிட் லென்ஸ்தான் இருக்கிறது. புதுக் கேமரா வாங்கட்டுமா?" (ஈரோடு)

வேண்டாம். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55ல் வைத்தால் எஃப்/5.6. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும், புதுக் கேமராவைவிட விலையும் குறைவு. பழையதாகக் கிடைத்தால் இன்னும் குறைவு. அதுவரை கிட் லென்ஸிலேயே பேனிங் பழகுங்கள்.

"எஃப்/1.8 வாங்கினேன், பாதிப் படத்தில் ஹெல்மெட் கூர்மையாக இல்லை." (பெங்களூரு)

85 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, எஃப்/1.8, ஆறு மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் அரை மீட்டர்தான். வளைவில் மெதுவாக வரும் கார்ட்கூட அதை 1/14 நொடியில் கடந்துவிடும். கார்ட்டை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் போடுங்கள், ஃபோகஸ் புள்ளிகளில் ஒரு சின்னக் கூட்டத்தை மட்டும் ஹெல்மெட்டில் வையுங்கள். கேமராவை முழுப் பரப்பிலும் தேடவிட்டால் முன்பம்பரைப் பிடிக்கும், இல்லாவிட்டால் டயர்ச் சுவரை. வாகனத்தை அடையாளம் காணும் வசதி இந்தத் தாழ்வான கார்ட்டுகளில் சிலசமயம் திணறும். மனிதர் என்று மாற்றிப் பாருங்கள். எதுவுமே பிடிக்கவில்லையா? தரையில் பெயின்ட் அடித்த விளிம்பில் கையால் ஃபோகஸ் வைத்து, முன்சக்கரம் அதைத் தொடும்போது அழுத்துங்கள். பழைய வித்தைதான், இன்னும் வேலை செய்கிறது.

"போனில் நைட் மோடு போட்டால் கார்ட் பேய் மாதிரி வருகிறது." (யாழ்ப்பாணம்)

நைட் மோடு பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும். அசையாத கோபுரத்துக்குச் சரி, கார்ட்டுக்குச் சரிப்படாது. புரோ மோடில் 1/100 வைத்து, 1எக்ஸ் கேமராவிலேயே எடுங்கள், ஜூம் வேண்டாம். ஃபிளாஷ் கூடாது என்று மறுபடியும் சொல்லிவிடுகிறேன். போனில் அது ஆட்டோவில் இருந்தால் தானாக எரியும்.

"நீல விளக்கு அடிக்கும் இடத்தில் முகமெல்லாம் நீலப் பூச்சு. ரா ஃபைலில் சரியாகுமா?" (சென்னை)

ஆகாது. சுத்த நீல எல்இடியில் சிவப்பே இல்லை. ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல், இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவரும்? நீலச் சேனல் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், அதனால் ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். இல்லையென்றால் பத்தடி தள்ளி வெள்ளை விளக்குக்குக் கீழே நில்லுங்கள்.

"பார்வையாளர் பக்கம் கண்ணாடித் தடுப்பு. போலரைசர் உதவுமா?" (தஞ்சாவூர்)

போலரைசர் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்தான், ஆனால் இருக்கிற வெளிச்சத்தில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப்பை அது தின்றுவிடும். லென்ஸின் முன்னால் மாட்டும் ரப்பர் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், சுற்றிலும் கறுப்புத் துணி. லென்ஸில் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பச்சைப் பேய் விழுவது அதனால்தான்.

"ஓட்டிக்கொண்டே ஒரு கையால் வீடியோ எடுக்க நல்ல பிடிமானம் எது?" (புதுச்சேரி)

ஸ்டியரிங்.