அகுட்டான் ஜீரோவுக்கு எந்த நட்சத்திரம்? பெயின்ட் ஏன் சொரசொரப்பு?

வணக்கங்க. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் கைப்பற்றிய ஜப்பானியப் போர்விமானமான ஜீரோவை 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலாகச் செய்கிறீர்கள், மொட்டைமாடியில் ஸ்ப்ரே அடித்த பெயின்ட் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது, அமெரிக்க விமான அடையாளமான நட்சத்திரத்தில் எதை ஒட்டுவது என்றும் குழப்பம் என்று எழுதியிருந்தீர்கள்.

பெயின்ட் கெடவில்லை, காற்றுதான் காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று பல்லடம் பக்கம் எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும், துளி பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடும், கூடவே மண்ணும் ஒட்டும். 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் விடியற்காலையில், ஜன்னல் சாத்திய அறையில், முகமூடி போட்டுக்கொண்டு, ஸ்ப்ரேயை இன்னும் கிட்டத்தில் பிடித்து அடியுங்கள்.

நட்சத்திரம் பற்றி: 1942 ஜூன் 4 அன்று அலாஸ்காவின் அகுட்டான் தீவுச் சதுப்பில் ஜப்பானிய விமானி கோகா இறக்க முயன்று குப்புறக் கவிழ்ந்த விமானம் அது. சான் டியாகோவில் பழுது பார்த்து செப்டம்பரில் பறக்கவிட்டார்கள். நட்சத்திர நடுவில் இருந்த சிவப்புப் பொட்டை அமெரிக்கர்கள் அந்த மே மாதமே எடுத்துவிட்டார்கள், பக்கப்பட்டைகள் வந்தது 1943-ல்தான். ஆகவே நீல வட்டத்தில் வெறும் வெள்ளை நட்சத்திரம், அவ்வளவுதான். ஒட்டும் முன் பளபள வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம், இல்லையென்றால் ஸ்டிக்கருக்கு அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும்.

ஜப்பானியச் சிவப்பு வட்டத்தை நட்சத்திரத்துக்கு அடியில் அடிக்கவே வேண்டாம், சிவப்பு தெரிந்து வெள்ளை ரோஸ் ஆகிவிடும். எனக்கு அப்படி ஒரு இறக்கையே வீணானது.