மகள் சமோவா மொழி எடுக்கட்டுமா?

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தெற்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகள் அடுத்த ஆண்டு இயர் 11. தோழிகளோடு சேர்ந்து சமோவா மொழியைப் பாடமாக எடுக்கிறேன் என்கிறாள். அதனால் பல்கலைக்கழகத்துக்கு என்ன பயன், இன்னொரு அறிவியல் பாடம் எடுக்கலாமே என்கிறார் அவள் அப்பா. என்ன செய்யலாம்?"

அப்பாவின் கவலையை முதலில் பார்த்துவிடலாம். இயர் 11 முதல் 13 வரை மூன்று நிலைகளாக நடக்கும் பள்ளித் தேர்வுதான் என்சிஇஏ. இப்போதுள்ள அந்த முறையில், பல்கலைக்கழகத் தகுதிக்குக் கடைசியான மூன்றாம் நிலையில், அங்கீகரிக்கப்பட்ட மூன்று பாடங்களில் தலா 14 கிரெடிட் வேண்டும். இயற்பியல் இருக்கும் அதே பட்டியலில் சமோவா மொழியும் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் என்ற எண்ணம் இருந்தால் கணக்கையும் அறிவியலையும் விடக்கூடாது, அவ்வளவுதான். இயர் 11-இல் பொதுவாக ஐந்தாறு பாடங்கள் எடுப்பார்கள். அதில் ஒரு இடத்தைச் சமோவாவுக்குக் கொடுத்தால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் ஒன்று: என்சிஇஏவையே மாற்றப்போவதாக அரசு 2025-இல் அறிவித்திருக்கிறது. உங்கள் மகளின் ஆண்டுக்கு எந்த முறை என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குள்ள தயக்கம் வேறு. அந்த வகுப்பில் பலர், பசிபிக் தீவு நாடான சமோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களில், வீட்டிலும் சர்ச்சிலும் சமோவா கேட்டே வளர்ந்தவர்களாக இருப்பார்கள். இயர் 9, 10-இல் படிக்காதவள் நேரே உள்ளே போனால் முதல் சில மாதங்கள் திணறுவாள். புதிதாகத் தொடங்குபவர்களைச் சேர்ப்பார்களா என்று ஆசிரியரிடமே கேளுங்கள். இல்லையென்றால் 2024-இல் முதல் நிலைக்கு வந்த 'பசிபிக் ஸ்டடீஸ்' பாடம் அந்தப் பள்ளியில் உண்டா என்று பாருங்கள். அது மொழிப்பாடம் அல்ல. பசிபிக் மக்களையும் அவர்கள் பண்பாட்டையும் பற்றியது.

மொழியையே எடுத்தால், தமிழ் பேசும் பிள்ளைக்குச் சில சௌகரியங்கள் உண்டு. ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். சமோவாவில் கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'தாத்தோவ்', சேர்க்காமல் சொன்னால் 'மாத்தோவ்'. நம்முடைய நாம், நாங்கள் இதுதானே! வகுப்பில் மற்றவர்களுக்கு விளக்க வேண்டியது உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தெரியும். (இருவர் மட்டும் என்றால் அதற்கும் தனிச் சொல் உண்டு, அது நமக்கும் புதுசு.) அப்புறம், 'ஜி' எழுத்தை அவர்கள் 'ங' என்று உச்சரிப்பார்கள். மொழி என்பதற்கான சொல் 'ஙஙானா'. 'ஙப்போல் வளை' என்று ஆத்திசூடி சொன்ன வாய்க்கு இது பெரிய விஷயமா?

மரியாதைச் சொற்களும் அப்படித்தான். வீடு 'ஃபலே', உயர்குடித் தலைவரின் வீடென்றால் 'மாஓத்தா', அவர் சார்பில் பேசும் தலைவருடையது 'லாஓஆ'. இந்த அடுக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்குத்தான் விநோதம். எச்சரிக்கை ஒன்று: தோழிகள் விளையாட்டுத் திடலில் பேசுவது பேச்சு வழக்கு. அதில் 'த' ஒலி 'க' ஆகும், 'ந' ஒலி 'ங' ஆகும்; அம்மாவைக் குறிக்கும் 'தினா', 'கிஙா' என்று கேட்கும். தேர்வில் முதல் வடிவம்தான் வேண்டும். நம் பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் போல என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

நேரச் செலவு பாடத்தில் இல்லை, நடனத்தில் இருக்கிறது. பள்ளிக் குழுக்கள் பசிபிக் நடனங்கள் ஆடும் 'பாலிஃபெஸ்ட்' விழா 1976-இல் ஆக்லாந்தின் ஓதாராவில் தொடங்கியது; வழக்கமாக மார்ச்சில் நடக்கும். பள்ளியின் சமோவா நடனக் குழுவில் அவளும் சேர்ந்தால் முதல் பருவத்தில் பள்ளி முடிந்து தினமும் ஒத்திகை இருக்கலாம், சனிக்கிழமையும் போகலாம். யார் கூட்டிவருவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

கடைசியாக, தோழி வீட்டுக்குப் போகும்போது கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முன்னால் கடக்க நேர்ந்தால், கொஞ்சம் குனிந்து 'துலோவ்' என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். மன்னியுங்கள், வழிவிடுங்கள் என்று பொருள். பாடத்தின் முதல் சொல்லாக அதையே வைத்துக்கொள்ளலாம்.