பார்த்த பிறகுதான் வெளியே

கேள்வி: உலகமே கூடி உழைக்கும் திறந்த மூலத் (யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய) திட்டங்களில் நாட்டுக் குணம் தெரியுமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: நன்றாகவே தெரியும். விக்கிப்பீடியாவின் மென்பொருள் எல்லா மொழிக்கும் பொது. ஆனால் ஜெர்மன் பதிப்பினர் 2008 மே மாதம் புது வழக்கம் கொண்டுவந்தார்கள்: புதியவரின் திருத்தத்தை அனுபவசாலி ஒருவர் பார்த்து ஒப்பிய பிறகே வாசகர் கண்ணில் படும். ஒழுங்கில் அவர்களுக்குள்ள பிடிவாதம்தான் காரணம் என்பேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதில் ஊறிய ஆங்கிலப் பதிப்பினரோ நெடுநாள் வாதாடி, சில பக்கங்களுக்கு மட்டும் இதை ஏற்றார்கள். எனக்கு ஜெர்மன் பதிப்பினரின் கறார் பிடிக்கும். ஆனால் தன் முதல் திருத்தம் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்தால், புதியவர் சலித்துப் போய்விடுவார்.