யூரோ நாடுகளில் கொட்டான் விற்கலாமா?

தம்பி, காரைக்குடியிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்க வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வியாபாரம் பற்றிக் கேட்கிறீர்கள், ஊர்த் தண்ணி அப்படி. அத்தை முடையும் கொட்டான் என்ற ஓலைக் கூடையையும் கைமுறுக்கையும் வரவழைத்து விற்க ஆசை, 2026-இல் பல்கேரியாவும் சேர்ந்து 21 நாட்டுக்கும் யூரோதான், அப்படியானால் 21 நாடும் ஒரே சந்தைதானே என்கிறீர்கள். பாதி சரி.

நான் தேவகோட்டைக்காரன், 1998-இல் ஸ்டிராஸ்பூர் வந்தேன். ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரான்ஸ், பாலம் தாண்டினால் கேல் என்ற ஜெர்மன் ஊர். நான் வேலை பார்த்த மளிகைக் கடைக் கல்லாவில் இரண்டு தட்டு, ஒன்றில் பிராங்கு, ஒன்றில் மார்க். ஒரு மார்க்குக்கு மூன்று பிராங்கு முப்பத்தைந்து சாந்தீம் பெறும், ஆனால் முதலாளி மூன்றே காலுக்குத்தான் எடுப்பார். அந்தப் பத்து சாந்தீம் வட்டம், அதாவது மாற்றுக்கூலி, எங்களுக்கு லாபம், பாலம் தாண்டி வருகிறவருக்கு எரிச்சல். நாங்கள் கேலுக்குச் சரக்கெடுக்கப் போனால் அதே வட்டத்தை அவர்கள் எங்களிடம் பிடிப்பார்கள்.

2002 ஜனவரியில் யூரோ நோட்டும் காசும் கைக்கு வந்தன. பிப்ரவரி 17 வரை பிராங்கை வாங்கிக்கொண்டு மீதியை யூரோவில் கொடுத்தோம், ஒவ்வொரு தடவையும் 6.55957-ஆல் வகுத்து வகுத்து கால்குலேட்டரில் எண்ணே அழிந்துபோனது. அந்தச் சமயத்தில் நன்றாகச் சம்பாதித்தவர்கள் விலைச்சீட்டு அச்சடித்தவர்களும் கல்லா மெஷினை மாற்றிக் கொடுத்தவர்களும்தான். அது ஒரு தடவை பெய்கிற மழை. பல்கேரியாவிலும் அப்படித்தான், அதிலும் அவர்களுடைய பணமான லெவாவை 1997-இலேயே மார்க்கோடு கட்டிப்போட்டுவிட்டார்கள், பிறகு யூரோவோடு. மாற்று விலை ஏறி இறங்குகிற பயம் அங்கே முன்பே இல்லை.

நிலைத்து நிற்கிற லாபம் வேறு. இப்போது எனக்கென்று கடை இருக்கிறது. பாரிஸ் லா சப்பலில் ஒருவர், பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப்பில் ஒருவர், நான், மூன்று பேரும் சேர்ந்து ஒரே கன்டெய்னரை நெதர்லாந்துத் துறைமுகமான ராட்டர்டாமில் இறக்குகிறோம். பில்லும் யூரோவில், பங்கும் யூரோவில். பணம் பத்து நொடியில் போய்ச் சேர்கிறது; 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாட்டு வங்கிகள் இந்த உடனடி வசதியைத் தந்தாக வேண்டும், அதற்கென்று கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது. தனியாக ஒரு கன்டெய்னர் எடுக்க என்னால் முடியாது. ஒரே பணத்தின் அருமை எங்கள் வீட்டில் பழைய கதை. என் ஐயா ரங்கூனில் பெட்டியடியில், அதாவது கல்லாவில், இருந்தவர். அவர் போன காலத்தில் பர்மா இந்தியாவோடு இருந்ததால் அங்கேயும் ரூபாய்தான், மலாயாவுக்குப் போன பங்காளிதான் வெள்ளிக்கு, அதாவது அந்த ஊர் டாலருக்கு, மாற்றுக் கணக்கு எழுதி அல்லாடினார் என்பார்.

அந்த அல்லாட்டத்தை நானும் ஒரு நாள் பார்த்தேன். சுவிட்சர்லாந்தின் பாசலில் ஒரு மொத்த வியாபாரிக்கு 4,800 சுவிஸ் பிராங்கு பாக்கி வைத்திருந்தேன். 2015 ஜனவரி 15 காலையில் ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்கு, அதாவது என் கடன் 4,000 யூரோ. யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் பிடித்துவைத்திருந்த வரம்பைச் சுவிஸ் மத்திய வங்கி அன்று கைவிட்டது, மத்தியானத்துக்குள் ஒன்றுக்கு ஒன்று. சரக்கு அதே சரக்கு, 800 யூரோ கூடுதலாகக் கட்டினேன். ஆனால் தங்கள் பிராங்குக்குக் கூடுதல் யூரோ கிடைக்கிறது என்று அந்த வாரமே பாசலிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கார் கட்டி வந்து அரிசி மூட்டையாக அள்ளிக்கொண்டு போனது வேறு கதை.

சரி, உங்கள் விஷயம். வாடிக்கையாளருக்கும் விலையை ஒப்பிடுவது இப்போது சுலபம். ஷாம்பு வாங்க டிராம் ஏறிக் கேலுக்குப் போகிற ஊர் இது, ஜெர்மனியில் ஒரு விலை பிரான்சில் ஒரு விலை என்று வைத்தால் பிடித்துவிடுவார்கள். வரி ஒன்றாகவில்லை: கொட்டானுக்கு ஜெர்மனியில் 19 சதவீதம், இங்கே 20. மற்ற ஐரோப்பிய யூனியன் நாட்டு ஆட்களுக்கு வருடத்தில் 10,000 யூரோவுக்கு மேல் விற்றால் அவரவர் நாட்டு வரி, ஆனால் 2021 ஜூலையிலிருந்து அதை ஒரே இடத்தில் கணக்குக் காட்டிக் கட்டிவிடலாம். முறுக்குப் பொட்டலத்தில் விற்கிற நாட்டுக்குப் புரிகிற மொழியில் சீட்டு ஒட்ட வேண்டும், எள் இருந்தால் எடுப்பாகத் தெரிய வேண்டும், நெய் சேர்ந்தால் இன்னும் தனி விதி. மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்ய அயலவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும், முதலில் அதைக் கேளுங்கள்.

அத்தைக்கு ரூபாய்தானே அனுப்புவீர்கள்? அங்கே யூரோ காப்பாற்றாது. 2014 தொடக்கத்தில் 80 ரூபாய்க்கு மேல் இருந்த யூரோ 2015 ஏப்ரலில் 70-க்குக் கீழே இறங்கியது. விலை பேசும்போது அந்த அளவு இடம் விட்டுப் பேசுங்கள்.

இருபது கொட்டான் எடுத்துக்கொண்டு கேல் வரை ரயிலில் வாருங்கள், அங்கிருந்து டிராம் இருக்கிறது. கல்லாப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், எது போகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். முறுக்கை இப்போதைக்கு விடுங்கள், எப்படிக் கட்டினாலும் தூளாகத்தான் வந்து சேரும்.