தேரை தின்னும் உத்தியோகம்

கேள்வி: மேலதிகாரிக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் என்னை 'ஆப்ஸீக்வியஸ்' ஊழியன் என்று குறிப்பிட்டிருந்தேன். நண்பர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அகராதியில் 'பணிவுள்ள' என்றுதானே போட்டிருக்கிறது?

பதில்: இலக்கணப்படி ஒரு தவறும் இல்லை. உண்மையை எழுதிவிட்டீர்கள், அவ்வளவுதான். ஆப்ஸீக்வியஸ் என்றால் கூழைக்கும்பிடு போடுகிறவர். பல்லை இளித்து, கையைப் பிசைந்து, ஐயா தும்மினால் 'என்ன கம்பீரம்!' என்கிற ரகம். இந்தப் பட்டத்தை மற்றவர்கள்தான் கொடுப்பார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால். நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

'அகராதியில் போட்டிருக்கிறது' என்கிறீர்களே, என் வயிறு எரிவது அங்கேதான். ஒபீடியன்ட், சப்மிஸிவ், ஸெர்வைல், ஆப்ஸீக்வியஸ் எல்லாவற்றுக்கும் 'பணிவுள்ள' என்று ஒரே முத்திரையைக் குத்திவிட்டுப் போகிற குட்டி அகராதிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறையப் புலம்பியாயிற்று. பழைய வாசகர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம். சொன்னதைச் செய்பவர் ஒபீடியன்ட். எதிர்த்துப் பேசாதவர் சப்மிஸிவ். அடிமைப் புத்தி ஊறிப்போனவர் ஸெர்வைல். சொல்லாததையும் செய்துவிட்டு, 'பார்த்தீர்களா ஐயா?' என்று எதிரில் வந்து நிற்பவர் ஆப்ஸீக்வியஸ்.

ஒருகாலத்தில் இது கௌரவமான சொல்தான். பின்தொடர்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. கடமை தவறாதவர் என்றே முதலில் பொருள். பின்னால் நடந்தவர்கள் ரொம்பவும் ஒட்டி நடந்ததில் கெட்டுப்போயிற்று. (ஆப்ஸிக்விஸ் என்று ஒரு சொல் உண்டு: ஈமச்சடங்கு. அதைப் போட்டுத் தொலைக்காமல் விட்டீர்களே!)

ஆனால் இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது 'டோடி': முதலாளிக்கு ஜால்ரா போடுகிறவர். 'டோட் ஈட்டர்' என்பதன் சுருக்கம். அதாவது தேரை தின்னி. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சந்தைக்குச் சந்தை மருந்து விற்ற போலி வைத்தியர்கள் கூடவே ஓர் எடுபிடியை வைத்திருப்பார்கள். தேரை கொடிய விஷம் என்று ஊரே நம்பிய காலம். எடுபிடி கூட்டத்தின் நடுவே நின்று தேரையைத் தின்பான், அல்லது தின்பதுபோல் நடிப்பான். அப்புறம் சுருண்டு விழ வேண்டும். வைத்தியர் மருந்தை ஊற்றியதும் துள்ளி எழ வேண்டும். காசு வைத்தியருக்கு, தேரை இவனுக்கு. இந்த உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எப்படி எழுதியிருப்பார்கள்? 'பெரிய தேரைகளில் முன் அனுபவம் உண்டு. விழுவதில் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் பழக்கம்.' நேர்காணலில் முதலாளி கேட்டிருப்பார்: 'மருந்து நிஜமாகவே வேலை செய்யுமா என்று எப்போதாவது யோசித்ததுண்டா?' 'இல்லை ஐயா.' 'நாளைக்கே வந்து சேர்.' தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பிகளில் நிஜமாகவே நஞ்சு உண்டு என்பதை அந்தப் பையனுக்கு யார் சொன்னார்களோ!

சரி, கடிதத்துக்கு வருவோம். பணிவைக் காட்ட ஆங்கிலேயர்கள் கடிதத்தின் கடைசி வரியை ஒதுக்கி வைத்திருந்தார்கள்: 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்.' அதை யாரும் நிஜமென்று எடுத்துக்கொண்டதில்லை. 1804இல் அமெரிக்கத் துணை அதிபர் ஏரன் பர்ரும் முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனும் கடிதத்திலேயே சண்டை போட்டார்கள். ஒருவரை ஒருவர் குதறிவிட்டு, அடியில் இருவரும் 'கீழ்ப்படிந்த ஊழியன்' என்றே கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை 11ஆம் தேதி துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். பர் சுட்டதில் ஹாமில்டன் மறுநாள் இறந்துபோனார்.

இதழ் வந்ததும் என்னைத் திட்டி எழுதும் அன்பர் ஒருவர் 'பணிவன்புடன்' என்று முடிப்பதை நினைத்துக்கொண்டேன். ஐயா, உங்கள் முகவரியைக் கொஞ்சம் தெளிவாக எழுதுங்கள். எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.